சிறுகுழல் ரிவோல்வரும் ஊவாத் தோட்டங்களும்: தற்காப்புத் தோட்டாத் தெரிவின் வரலாறு (1872–1940)

அறிமுகம்

1869இல் இலங்கையில் வெளிப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, ஊவா மலைகளில் தேயிலை பரவியது. உலோகக் கூடுள்ள தோட்டா உலகெங்கும் வழக்குக்கு வந்ததும் அக்காலத்திலேயே. ரயில் அப்புத்தளைக்கு 1893இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்தது. பதுளையை அடைய 1924 ஆயிற்று. ரயில் வந்துசேரும்வரை அரிசியும் பணமும் வண்டிப் பாதையிலேயே மலையேறின. தனிப் பங்களாவில் வாழ்ந்த தோட்டத் துரை தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியவராக இருந்தார். பொக்கெட்டில் அடங்கும் ரிவோல்வருக்கு எந்தத் தோட்டா ஏற்றது என்ற கேள்வி எவ்வாறு வளர்ந்தது, ஊவாவின் தொழிலாளர் வரலாற்றில் அதன் இடம் என்ன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கனத்த ஈயமும் குறைந்த வேகமும்

பிரித்தானியப் பேரரசின் பல பகுதிகளில் குடிமக்கள் விரும்பி வாங்கிய சிறுகுழல் ரிவோல்வர், வெப்லி நிறுவனம் 1872இல் வெளியிட்ட ‘புல்டோக்’. இரண்டரை அங்குலக் குழல். ஐந்து தோட்டா கொள்ளும் சுழலறை. அதில் இடப்பட்ட .450 தோட்டாவின் ஈய ரவை 225 கிரெய்ன், அதாவது சுமார் 14.6 கிராம்.

இந்தக் கனத்துக்குக் காரணம் உண்டு. குழல் குறுகினால், வெடிமருந்து எரிந்து எழும் வாயு ரவையை முழு விசையுடன் தள்ளுமுன்பே ரவை வெளியேறிவிடும். சுழலறைக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளியிலும் வாயு கசியும். ஆகவே வேகம் விநாடிக்கு 200 மீற்றர் அளவிலேயே நிற்கும். வேகத்தில் இழந்ததை எடையால் ஈடுகட்டவே பருத்த, மென்மையான ஈயம் தெரிவானது.

2. குழிந்த ரவையும் ஹேக் பிரகடனமும்

அடுத்த முயற்சி ரவையின் வடிவில் நிகழ்ந்தது. 1898இல் பிரித்தானியப் படைக்கு வந்த .455 மார்க் 3 தோட்டாவின் ரவை, இரு முனையும் கிண்ணம்போல் குழிந்த 218 கிரெய்ன் ஈய உருளை. உடலில் பட்டதும் முன்விளிம்பு விரிய வேண்டும் என்பதே நோக்கம். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆலையில் உருவான விரியும் ரைபிள் ரவை அதற்குள் சர்வதேசக் கண்டனத்தைச் சந்தித்திருந்தது. 1899இன் ஹேக் பிரகடனம் போரில் விரியும் ரவைகளைத் தடுத்தது. மார்க் 3 விரைவிலேயே கைவிடப்பட்டது.

பிரகடனத்துக்கு மறு ஆண்டே பதுளை மாவட்டத்தின் தியத்தலாவையில் போயர் போர்க் கைதிகளுக்கு முகாம் எழுந்தது. சுமார் 5,000 பேர் அங்கு அடைக்கப்பட்டனர். விரியும் ரவை பற்றிப் பிரித்தானியரும் போயரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிய போர் அது. ஐரோப்பியத் துரைமாரைக் கொண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை அமைந்ததும் 1900இலேயே.

1930களில் பிரித்தானியப் படையின் புதிய .38 ரிவோல்வருக்கும் இதே சிக்கல் எழுந்தது. முதலில் 200 கிரெய்ன் வெற்று ஈயம்; பின்னர் ஹேக் விதியை எண்ணி, செப்புக் கலவை உறையிட்ட 178 கிரெய்ன் ரவை. ஆனால் ஹேக் பிரகடனம் கட்டுப்படுத்தியது போரை மட்டுமே. குடிமகனின் ரிவோல்வரை அது தொடவில்லை.

3. 1916ஆம் ஆண்டுச் சட்டம்

அந்த வெளியை உள்நாட்டுச் சட்டம் நிரப்பியது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு மறு ஆண்டு வந்த 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், ஆயுதம் வைத்திருக்க அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் அரசிடம் சென்றது. லயத்துத் தொழிலாளிக்கும் பங்களாத் துரைக்கும் இடையிலிருந்த பெரும் இடைவெளியில், அந்தத் தீர்மானம் யாருக்குச் சாதகமாக அமையும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

4. 1940: வெவெஸ்ஸ

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மே மாதத்துக்குள் போராட்டம் ஊவாவுக்குப் பரவியது. பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிவுசெய்தனர். அதனுடன் கலந்து செயற்படத் துரை இணங்கினார். அங்கு வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்தனர் என்று லங்கா சமசமாஜக் கட்சியின் வரலாறு கூறுகிறது. பின்னர் கடும் பொலிஸ் அடக்குமுறை அந்த எழுச்சியை முறியடித்தது. ஆயினும் அதே ஆண்டு தோட்டத் துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களுடன் ஏழு அம்ச ஒப்பந்தம் செய்தது.

முடிவுரை

தோட்டாவைப் பற்றிய தொழில்நுட்ப விடை பெரிதும் மாறவில்லை. பின்னாளில் அமெரிக்கக் காவல்துறையினர் இரண்டு அங்குல .38 ரிவோல்வருக்கு விரும்பியதும் 158 கிரெய்ன் எடையுள்ள, உறையற்ற, முனை குழிந்த மென்மையான ஈய ரவையே. குறைந்த வேகத்திலும் அது விரியும்.

ஊவாவில் மாறியது வேறு. ஆயுதம் தரித்தவர்கள் நூற்றுக்கணக்கான தொழிலாளர் முன் நின்றபோது ரவையின் எடையோ வடிவோ எதையும் தீர்க்கவில்லை. துரைக்கும் தொழிலாளிக்கும் ஒருசேரப் பாதுகாப்புத் தரக்கூடிய வழி, பேச்சுவார்த்தையையும் சங்க உரிமையையும் ஏற்றதிலேயே தொடங்கியது. பழைய தோட்ட அலுவலகங்களின் செக்ரோல்களும் கடிதக் கோப்புகளும் இந்த வரலாற்றின் சான்றுகள். அவற்றைக் கையில் வைத்திருப்போர் கறையானுக்கு விட்டுவிடாமல், சுவடிக்கூடத்திடமோ பல்கலைக்கழக நூலகத்திடமோ ஒப்படைக்க வேண்டும்.