ஓமின் விதி

ஓமின் விதி என்பது ஒரு மின்கடத்தியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்திற்கும், அதன் வழியே பாயும் மின்னோட்டத்திற்கும் உள்ள தொடர்பைக் கூறும் இயற்பியல் விதி ஆகும். வெப்பநிலை மாறாதிருக்கும்போது, கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். இவ்விகிதம் மின்தடை எனப்படுகிறது.

வரலாறு

செருமானிய இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் (1789–1854) இவ்விதியை 1827 இல் நூலாக வெளியிட்டார். தொடக்கத்தில் அவரது நாட்டில் இதற்குப் போதிய வரவேற்பு கிட்டவில்லை. 1841 இல் இலண்டன் அரச கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. 1881 இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு ஓம் என்னும் பெயரை ஏற்றது.

வாய்பாடுகள்

* மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)
* மின்திறன் (வாட்) = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இவ்விரண்டையும் இணைத்தால், மின்திறன் = மின்னோட்டத்தின் இருமடி × மின்தடை எனக் கிடைக்கும். கடத்தியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதை ஜேம்சு பிரெசுகாட் ஜூல் 1841 இல் வெளியிட்டார்.

எடுத்துக்காட்டு

230 வோல்ட் இணைப்பில் உள்ள ஒரு மின்சலவைப் பெட்டி 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது எனக் கொள்வோம்.

* மின்தடை = 230 ÷ 5 = 46 ஓம்
* மின்திறன் = 230 × 5 = 1150 வாட்

மின்தடை மாறவில்லை எனக் கொண்டு, இதே பெட்டியை 115 வோல்ட்டில் இணைத்தால் மின்னோட்டம் 2.5 ஆம்பியராகக் குறையும், மின்திறனோ 287.5 வாட், அதாவது நான்கில் ஒரு பங்காகிவிடும். மாறாக, 115 வோல்ட்டுக்கு என அமைந்த வெப்பக் கருவியை 230 வோல்ட்டில் இணைத்தால் அதன் திறன் ஏறத்தாழ நான்கு மடங்காகும், கருவி கருகிவிடக்கூடும்.

பயன்பாடு

மின் செலுத்தம்: 10 ஓம் மின்தடை கொண்ட கம்பித்தொடர் வழியே 10 இலட்சம் வாட் திறனை 10,000 வோல்ட்டில் அனுப்பினால், மின்னோட்டம் 100 ஆம்பியர், வெப்பமாக வீணாவது 1,00,000 வாட். அதையே 1,00,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 10 ஆம்பியர். இழப்பு 1,000 வாட் மட்டுமே. தொலைதூர மின்கம்பிகளில் உயர் மின்னழுத்தம் பயன்படுத்தப்படுவதற்கு இதுவே காரணம்.

பாதுகாப்பு: 10 ஆம்பியர் பாயும் சுற்றில், தளர்ந்த ஓர் இணைப்பின் மின்தடை 0.5 ஓம் எனில், அந்தச் சிறு இடத்தில் 50 வாட் வெப்பம் தோன்றும். மின்னோட்டம் கூடாததால் மின் உருகி அறுந்து எச்சரிக்காது. பிளக் சூடாவதும் நிறம் மாறுவதும் இதன் அறிகுறிகளாகும். இது தீ விபத்துக்கு வழிவகுக்கக்கூடும்.

அளவிடும் முறை

அம்மீட்டரைச் சுற்றில் தொடர் இணைப்பாகவும், வோல்ட்மீட்டரைக் கருவிக்குப் பக்க இணைப்பாகவும் பொருத்த வேண்டும். அம்மீட்டரின் மின்தடை மிகக் குறைவு. ஆதலால் அதனை மின்மூலத்தின் முனைகளில் நேரடியாக இணைத்தால் குறுக்குச்சுற்று ஏற்படும்.

வரம்புகள்

எல்லாப் பொருள்களும் இவ்விதிக்கு உட்படுவதில்லை. 230 வோல்ட், 60 வாட் மின்னிழை விளக்கின் மின்தடை, எரியும்போது ஏறத்தாழ 882 ஓம் ஆகும். குளிர்ந்த நிலையில் இதில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கும். இருமுனையம் போன்ற குறைக்கடத்திக் கருவிகளில் மின்னோட்டம் மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இராது. மாறுமின்னோட்டத்தில் இயங்கும் மின்னோடிகளின் திறனைக் கணக்கிடும்போது திறன் காரணியையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.