மேற்சேரிக்கு ஆடிய கோழி

தாம்பரம் பக்கத்து மணிமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் மூன்று யானைகளின் பெயர் இருக்கிறது: சத்துருபயங்கரன், கரபத்திரன், மூலபத்திரன். மூன்றும் சாளுக்கியருடையவை. 1054-இல் கொப்பத்தில் நடந்த போரில் சோழன் முதலாம் இராஜாதிராஜன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டான். தம்பி இரண்டாம் இராஜேந்திரன் களத்திலேயே முடிசூடிக்கொண்டு, கைநழுவிப்போன போரை வென்றான். அந்தச் சுவரில் உள்ள அவனுடைய மெய்க்கீர்த்தி பிடிபட்டவற்றை வரிசையாகச் சொல்கிறது. யானை, குதிரை, ஒட்டகம், பன்றிக்கொடி, சத்தியவ்வை, சாங்கப்பை என்ற அரசியர் என்று அது நீள்கிறது. அரசியரின் பெயருக்கு முன்பே யானைகளின் பெயர் வந்துவிடுகிறது.

மணிமங்கலத்துக்குப் போர் புதிதில்லை. ஏழாம் நூற்றாண்டின் நடுவில் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் ஒன்று மணிமங்கலம். பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என்று இடங்களைச் சொல்லும் கூரம் செப்பேடு, ஓடுகிறவனின் முதுகையே ஏடாக்கி அதில் ‘விஜயம்’ என்று பல்லவன் எழுதினான் என்று கேலியும் செய்கிறது. அதே செப்பேட்டில் நரசிம்மனின் பேரன் பரமேசுவரவர்மனின் யானை அரிவாரணம், குதிரை அதிசயம் என்ற பெயர்களும் உண்டு. இன்று முடிச்சூர்ப் பக்கமிருந்து மணிமங்கலம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்டு பஸ்கள் போகின்றன. கோயில் சுவரைப் படிக்க இறங்குகிறவர்கள் குறைவு.

ஆனால் இந்தப் பெயர்களெல்லாம் வெற்றிக் கணக்கில் வருபவை. செத்துப்போன விலங்குக்காக, அதுவும் போரில் அல்ல, விளையாட்டில் செத்ததற்காக, யாராவது கல் நட்டார்களா? நட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்க மணிமங்கலத்திலிருந்து ஒரகடம், சிங்கப்பெருமாள் கோவில் வழியாக ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, மதுராந்தகமும் தாண்டித் தெற்கே போகவேண்டும்.

மதுராந்தகம் வட்டாரத்து இந்தளூரில் கிடைத்த கல்லில் ஒரு சேவலின் உருவம் கீறப்பட்டிருக்கிறது. கூடவே அதன் பெயரோடு ஒரே வரி: ‘கீழ்ச்சேரிக் கோழி பொற்கொற்றி’. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் இன்னொரு கல். அதிலும் சேவல். முகையூர் ‘மேற்சேரிக்கு ஆடி’ மாண்ட கோழி என்கிறது அதன் வாசகம். பழைய வட்டெழுத்தில் வெட்டிய இந்தக் கல் ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதாவது மணிமங்கலத்தில் பல்லவரும் சாளுக்கியரும் மோதுவதற்கு முன்பே, தொண்டை மண்டலத்திலும் அதை ஒட்டிய நாட்டிலும் சேவலுக்காக ஊர் துக்கம் கொண்டாடியிருக்கிறது.

சேரி என்றால் அன்றைக்கு ஊரின் ஒரு பகுதி, அவ்வளவுதான். உத்தரமேரூர்க் கல்வெட்டிலேயே பன்னிரண்டு சேரி வருகிறது. மேற்சேரி, கீழ்ச்சேரி என்பதை மேலத்தெரு, கீழத்தெரு என்று வைத்துக்கொள்ளலாம். ஊரை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு சேவலை இறக்குகிற ஏற்பாடு அது. இரண்டு கல்லிலும் சொந்தக்காரரின் பெயர் இல்லை. அரசன் பெயர் இல்லை, ஆட்சியாண்டு இல்லை, கல் நட்டவர் யாரென்றும் இல்லை. சேரியின் பெயர் மட்டும் தவறாமல் இருக்கிறது. இந்தியா‘வுக்கு’ ஆடினார், தமிழ்நாட்டு‘க்கு’ ஆடினார் என்று இன்று சொல்கிறோமே, அதே பேச்சுதான் அரசலாபுரத்துச் சேவலுக்கும். அது யாரோ ஒருவர் வீட்டுக் கூடையில் வளர்ந்திருக்கும். செத்தபோது தெருவுக்கே சொந்தமாகிவிட்டது.

நடுகல் சாமானிய மரியாதை அல்ல. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிற சடங்கு அது. கிடைத்தவற்றில் மிகப் பழைய நடுகற்கள் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்தவை. அவற்றில் ஒன்று ஆகோள் பூசலில், அதாவது மாடு கவர்ந்த சண்டையில், இறந்தவனுக்கு நட்டது. கல்லுக்கு உரியவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான்: மாட்டை மீட்கப்போனவன், புலியைக் குத்தியவன், ஊரைக் காத்தவன்.

விலங்குக்குக் கல்லில் இடம் கிடைப்பதும் உண்டு. செங்கம் பக்கம் எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் ஒன்று, எருமைகளைக் காக்கப்போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கானது. கோவிவன் என்ற அவன் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காத்திருந்ததையும் எழுதி, நாயின் உருவத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நாய்க்காவது ஒரு நியாயம் சொல்லலாம், அது வேலை செய்தது. பொற்கொற்றி எதைக் காத்தது? ஒரு மாட்டையும் மீட்கவில்லை, ஒரு கள்ளனையும் பிடிக்கவில்லை. ஆடியது, அவ்வளவுதான். ஆட்டத்துக்காக மட்டுமே ஒரு உயிரை வீரன் வரிசையில் வைக்கும் துணிச்சல் அந்தக் கீழ்ச்சேரிக்காரர்களுக்கு இருந்திருக்கிறது. விளையாட்டு ரசிகர் என்ற ஜாதிக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இவற்றைச் சேர்க்கலாம் என்பேன்.

சேவற்கட்டு பார்த்தவர்களுக்கு இந்தக் கல்லின் கனம் இன்னும் நன்றாகப் புரியும். வெற்றுக்கால் கட்டில் ஒரு சுற்று முடிந்ததும் சேவலைத் தண்ணிக்கு எடுப்பார்கள். வாயில் தண்ணீரைக் கொப்பளித்து அதன் முகத்திலும் இறக்கைக்கு அடியிலும் ஊதுவார்கள். கொண்டையில் வழியும் ரத்தத்தைத் துடைத்து, கழுத்தை நீவி, நின்றால் மறுபடி இறக்குவார்கள். காலில் கத்தி கட்டுகிற கட்டு என்றால் எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். கொங்குப் பக்கத்தில் தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர். ஜெயித்த சேவலின் சொந்தக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு போவார், அன்று ராத்திரி அது குழம்பு. கோச்சைக் கறிக்கென்றே தனி ருசி உண்டு என்பார்கள். இந்த வழக்கத்தை அப்படியே ஐந்தாம் நூற்றாண்டுக்குத் தூக்கிப்போக முடியாது. என்றாலும் களத்தில் செத்த கோழியைச் சட்டிக்கு அனுப்பாமல் கல்லுக்கு அனுப்பியது எப்போதுமே லேசான முடிவாக இருந்திருக்காது.

குறுந்தொகையில் குப்பைக் கோழிகளின் சண்டையை உவமையாகச் சொன்ன புலவருக்குக் குப்பைக் கோழியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஏவிவிடுவாரும் இல்லாமல், விலக்கிவிடுவாரும் இல்லாமல் தானாக நடந்து தானாக ஓயும் சண்டை அது. அப்படியானால் ஏவவும் விலக்கவும் ஆள் நின்ற சண்டையும் அன்றைக்குப் பழகியிருக்க வேண்டும். புறப்பொருள் வெண்பாமாலை ‘கோழி வென்றி’ என்று அதற்கு ஒரு துறையே வகுத்தது.

இதே மாதிரிப் பைத்தியம் ரோமாபுரியிலும் இருந்தது. அங்கே தேர்ப்பந்தயத்துக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று கட்சிகள். கி.மு. முதல் நூற்றாண்டில் சிவப்புக் கட்சியின் தேரோட்டி பெலிக்ஸ் இறந்து சிதை எரிந்தபோது, ரசிகர் ஒருவர் அதில் பாய்ந்து செத்தார் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். அதைவிடச் சுவாரசியம் அடுத்த செய்தி. செத்தவனுக்கு இப்படிப் பெருமை சேர்ந்துவிடக் கூடாது என்று எதிர்க்கட்சி ரசிகர்கள், ஆள் பாயவில்லை, வாசனைத் திரவியப் புகையில் மயங்கி விழுந்துவிட்டான் என்று சாதித்தார்களாம். எழவு வீட்டிலும் கட்சி விடாத குணம்! முகையூர் மேற்சேரிக்காரர்கள் கல் நட்டபோது எதிர்த்தெருவில் என்ன பேசினார்கள் என்று அந்தக் கல் சொல்லவில்லை. ஊகிப்பது கஷ்டமில்லை.

நம் காலத்தில் துக்கம் மைதானத்துக்கே போய்விட்டது. பெலேயின் உடலை 2023 ஜனவரியில் சான்டோஸ் கிளப்பின் விலா பெல்மிரோ மைதானத்தின் நடுவட்டத்தில் வைத்திருந்தார்கள், விடிய விடிய வரிசை நகர்ந்தது. மாரடோனா 2020 நவம்பரில் இறந்ததற்குக் கேரள விளையாட்டுத் துறை இரண்டு நாள் துக்கம் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30-இல், வாழ்நாள் முழுக்க மோகன் பகானுக்கே ஆடிய கால்பந்து வீரர் சுனி கோஸ்வாமி போனபோது கொரோனா ஊரடங்கு. கொல்கத்தாவுக்குத் தன் ஆளைத் தூக்கிச் செல்லும் வாய்ப்பு கிடைக்காமலே போய்விட்டது.

தமிழ்நாட்டில் கீழ்ச்சேரிக் கோழியின் நேர் வாரிசு ஜல்லிக்கட்டுக் காளைதான். கோயில் காளை இறந்தால் அதை ஒரு மனிதச் சாவாகவே ஊர் எடுத்துக்கொள்கிறது. மந்தையிலோ கோயில் முன்னாலோ கிடத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, கொம்பு மறைகிற அளவு மாலை போடுகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வேட்டி துண்டோடு வருகிறார்கள். மேளம், ஒப்பாரி, ஊர்வலம், பிறகு ஊர்ப் பொது இடத்தில் அடக்கம். சில ஊர்களில் அதன்மேல் சமாதியும் ஆண்டுப் பூசையும் உண்டு.

பெயர்பெற்ற காளை என்றால் செய்தி மாவட்டம் தாண்டும். 2018 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் தென்னலூரில், அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கரின் கொம்பன் வாடிவாசல் கட்டையில் மோதி அங்கேயே விழுந்து இறந்தது. பல வாடிவாசல்களில் பிடிபடாத காளை, மாடுபிடி வீரர் யாரும் தொடாமல் மரக்கட்டையிடம் தோற்றது என்பதுதான் ரசிகர்களுக்கு ஆறவில்லை. பிறகு கொம்பன் பெயரைத் தாங்கிய கருப்புக் கொம்பனும் 2023-இல் வடமலாப்பூர் ஜல்லிக்கட்டில் அடிபட்டு இறந்தது.

காளையால் செத்தவனுக்கும் கல் உண்டு. சேலம் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு நடுகல், கருவந்துறையில் எருது விளையாடிப் பட்ட சங்கன் என்பவனுக்கு மகன் பெரிய பயல் நட்டது. ஒருவன் காளையின் கொம்பைப் பிடித்தபடி நிற்கும் சிற்பம் அதில் இருக்கிறது. இது குடும்பம் நட்ட கல், சேவல் கற்களோ தெருவின் பெயரில் நின்றவை. ஆடிச் செத்தவனுக்குச் செய்யும் மரியாதை இன்றைக்கும் தொடர்கிறது. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே கபடி ஆடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் களத்திலேயே விழுந்து இறந்தபோது, அவர் வென்ற கோப்பையையும் உடலோடு சேர்த்தே அடக்கம் செய்தார்கள்.

சட்டப்படி பார்த்தால் பொற்கொற்றியின் ரசிகர்கள் இன்று சிக்கலில் இருப்பார்கள். விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடைச் சட்டப்படி குற்றம். கரூர் மாவட்டம் பூலாம்வலசு சேவற்கட்டு விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஜல்லிக்கட்டுக்கு மட்டும் 2017 போராட்டத்துக்குப் பிறகு தனிச் சட்டத் திருத்தம் வந்தது, உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் அதை ஏற்றுக்கொண்டது.

விழுப்புரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வேலை பார்க்கிற பையன்கள் மணிமங்கலம், படப்பைப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறார்கள். ஊர்க் காளை இறந்த தகவல் அவர்களுக்கு வாட்ஸ்அப்பில்தான் வரும், மாலை போட்ட போட்டோவும் அடக்கம் எத்தனை மணிக்கு என்பதும். ஷிப்டு மாற்றிவிட யாராவது கிடைத்தால் தாம்பரம் போய் ராத்திரி பஸ் பிடிக்கலாம். கிடைக்காவிட்டால் லீவு எழுதவேண்டும். காரணம் என்ற கட்டத்தில் ‘கோயில் காளை இறப்பு’ என்று எழுதிக் கொடுத்தால் எந்த சூப்பர்வைசர் கையெழுத்துப் போடுவார்?