பெயர் கேட்டால் எண் சொல்வது யார்?

வீட்டுக் கணிப்பொறியில் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். சில விநாடிகள் ஒன்றுமே நடப்பதில்லை. பிறகு பக்கம் மளமளவென்று வந்துவிடுகிறது. இணைப்பின் வேகம் குறைவென்றால் பக்கம் முழுவதுமே மெல்ல மெல்ல அல்லவா வரவேண்டும்? தொடக்கத்தில் மட்டும் ஏன் இந்தத் தயக்கம்? விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969-ல் அமெரிக்காவில் தொடங்கியது. கணிப்பொறிகளுக்கு எண்கள் போதும். மனிதருக்கோ பெயர்களே எளிது. எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியலைக் கலிபோர்னியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. என்னும் ஆராய்ச்சி நிலையம் பராமரித்தது. அப்பணிக்குத் தலைமை வகித்தவர் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையார். புதிய கணிப்பொறியை இணைப்பவர்கள் அங்கே தெரிவிப்பார்கள். மற்ற நிலையங்கள் அவ்வப்போது பட்டியலை நகல் எடுத்துக்கொள்ளும்.

சில நூறு கணிப்பொறிகள் இருந்தவரை இம்முறை போதுமானதாக இருந்தது. வலை வளர வளரத் தொல்லைகள் முளைத்தன. எல்லாரும் ஓரிடத்திலேயே நகல் கேட்டதால் நெரிசல். இருவர் ஒரே பெயரை வைத்தால் குழப்பம். நகல் கைக்கு வருமுன்பே பழசாகிவிடும்.

இதற்குத் தீர்வு கண்டவர் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தைச் சேர்ந்த பால் மொக்கபெட்ரிஸ். 1983 நவம்பரில் அவருடைய திட்டம் வெளிவந்தது. அதுவே இன்றைய டி.என்.எஸ். அவர் பட்டியலைப் பெரிதாக்கவில்லை, பிரித்துவிட்டார்! அஞ்சல் ஊழியர் கடிதத்தில் முதலில் ஊரையும், பிறகு தெருவையும், கடைசியாக வீட்டு எண்ணையும் பார்ப்பதில்லையா? அதுபோலப் பெயரும் வலக்கோடியிலிருந்து படிக்கப்படுகிறது. வேர்நிலை சர்வர் 'இந்தக் கிளையைக் கேள்' என்று மட்டுமே சொல்லும். அக்கிளை அடுத்த கிளையைக் காட்டும். கிடைத்த விடையைக் குறித்த காலம்வரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அக்காலத்தை விதிப்பவர் அப்பெயருக்கு உரியவரே.

இனி நம் தயக்கத்துக்கு வருவோம். கேள்வி பெரும்பாலும் ஒரே ஒரு சிறு பொட்டலமாகச் செல்கிறது. அது வழியில் தொலைந்தாலும், கேட்கப்பட்ட சர்வர் செயலற்றிருந்தாலும், கேட்டவருக்குத் தெரிவது மௌனம் ஒன்றே. எனவே சிறிது நேரம் காத்திருந்துதான் வேறொருவரைக் கேட்கமுடியும். லினக்ஸ் கணிப்பொறிகளில் இக்காத்திருப்பு வழக்கமாக 5 விநாடி. முதலில் குறிக்கப்பட்ட சர்வர் செத்துக்கிடந்தால், நினைவில் இல்லாத ஒவ்வொரு புதுப் பெயருக்கும் இந்த 5 விநாடி வீணாகும்.

உங்கள் ரவுட்டரில் வழக்கமாக இரண்டு டி.என்.எஸ். முகவரிகள் இருக்கும். இரண்டையும் தனித்தனியே கேட்டுச் சோதியுங்கள். மௌனம் சாதிப்பதை நீக்கி, பதில் சொல்வதை முதலிடத்தில் வையுங்கள். இரண்டுமே உடனே பதிலளித்தால், குறை வேறிடத்தில் உள்ளது என்று கொள்ளலாம்.

உலகின் எல்லாப் பெயர்களும் எவர் ஒருவரிடமும் இல்லை. ஆயினும் கேட்டால் கிடைக்கிறது. ஒரே பட்டியலை நம்பியிருந்தால் அது என்றோ நின்றிருக்கும். எப்போதாவது காத்திருக்கும் அந்தச் சில விநாடிகள் இதற்கு நாம் தரும் விலை எனலாம்.