கடற்கரைப் பயணத்தில் ஒரு மலையூர்

பயோனிலிருந்து பில்பாவ் வரை மேப்பில் போட்டால் இரண்டு மணி நேரம்கூட காட்டாது. நான் ஐந்து நாள் திட்டம் போட்டிருக்கிறேன். காரணம், திமிங்கிலம்.

பியாரிட்ஸ், கெட்டாரியா, லெகெய்ட்டியோ, பெர்மெயோ. இந்த பாஸ்க் கடற்கரை ஊர்களின் சின்னங்களைப் பாருங்க, எல்லாவற்றிலும் திமிங்கிலம் இருக்கும். 16ஆம் நூற்றாண்டில் இவர்கள் அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவின் லாப்ரடார் கரைக்கே போனார்கள். அங்கேயே கொழுப்பை உருக்கி, பீப்பாய் பீப்பாயாக எண்ணெய் கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவில் விளக்கெரிய உதவிய எண்ணெய் அது.

பிறகு லாப்ரடார் கதை கிட்டத்தட்ட மறந்தே போச்சு. மீட்டவர் செல்மா பார்க்கம். கணவரை இழந்தவர், நான்கு பிள்ளைகளின் தாய், பல்கலைக்கழகப் பதவி எதுவும் கிடையாது. 1970களில் ஒஞாத்தி போன்ற ஊர்களின் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து பழைய ஒப்பந்தங்களையும் வழக்குக் கட்டுகளையும் படித்தார். 1565இல் 'சான் யுவான்' என்ற கப்பல் ரெட் பே துறைமுகத்தில் மூழ்கிய செய்தி அதில் கிடைத்தது. 1978இல் கடலடி ஆய்வாளர்கள் அங்கே தேடினார்கள். அந்தக் கப்பல்தான் என்று கருதப்படும் மரக்கலம் கிடைத்தது! அதைப் பார்த்து பசாயாவில் பழைய முறையிலேயே ஒரு நகலைக் கட்டத் தொடங்கினார்கள். அங்கே ஒரு நாள்.

நான்காம் நாள் மட்டும் கடலை விட்டு விலகி, மலைக்குள் இருக்கும் ஒஞாத்திக்குப் போகிறேன். கடற்கரைப் பயணத்தில் மலையூர் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். வேலை நேரம் போக ஆராய்ச்சி செய்கிற என்னைப் போன்றவனுக்குத் துறைமுகமே அதுதான்!