வீட்டுத் திரையில் வசனம்

1963-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கிற்று. கோலாலம்பூர் நிலையம் பிறந்ததோ அவ்வாண்டு டிசம்பர் 28-ஆம் நாள். இடைப்பட்ட பத்துத் திங்களிலும் வடக்கே உள்ள மாநிலங்களுக்கு வாய்க்காத பேறு ஜொகூரின் தென்கோடிக்கு வாய்த்தது. நீரிணை குறுகியது, வானலைகளுக்குச் சுங்கச்சாவடி இல்லை. ஜொகூர் பாருவின் கூரைகளில் ஏரியல் கம்பிகள் தெற்கு நோக்கி எழுந்தன. அவ்வாண்டு நவம்பரில் சீனமும் தமிழும் வழங்கிய எட்டாம் ஒளிவழி வந்தபின், அக்கம்பிகள் தமிழ் வீடுகளுக்கு இன்னும் பயன்பட்டன.

அக்காலத்துப் பெட்டி எளியது. கறுப்பு வெள்ளைப் படம், மரக்கூடு, ஒரே ஒலிபெருக்கி, அவ்வளவே. தொலைக்காட்சி நிலையங்கள் பெரிதும் கையாண்ட 16 மில்லிமீட்டர் படச்சுருளோ, திரையரங்குச் சுருளைவிட மெதுவாக ஓடுவது; ஆதலின் அதன் ஓரத்தில் பதிந்த ஒலியில் நுண்மை குறைவு. போதாக்குறைக்கு, வினாடிக்கு 24 சட்டமாக எடுத்த படத்தை நம் பகுதித் தொலைக்காட்சி 25 சட்டமாக ஓட்டும். குரல்கள் சற்றே கீச்சிடும். இத்தனை குறைகளுக்கிடையிலும் வசனம் கேட்டது. இன்று சுவரளவு திரை வைத்துள்ள வீட்டில், "என்ன சொன்னான்?" என்று ஒருவர் மற்றவரைக் கேட்கிறார். கருவி வளர்ந்தும் சொல் தேய்ந்தது எங்ஙனம்?

விடையின் ஒரு பாதி தமிழ்ப் பேசும்படத்தின் பிறப்பிலேயே உளது. 1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தது முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகள், படத்தில் நடித்தோருட் பலர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். ஒலிவாங்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரைச் சீட்டுக்காரனுக்கும் சொல் எட்டவேண்டும் என்பதே அவர்கள் கற்ற முதற் பாடம். ‘பராசக்தி’ (1952) வந்தபோது அதன் வசனம் இசைத்தட்டிலும் விற்றது. ‘திருவிளையாடல்’ (1965) வசனத்தைத் திருவிழாப் பந்தல்களில் ஒலிபெருக்கி வழியாகவே கேட்டு மனப்பாடம் செய்தவர் பலர். இந்திய வானொலி ‘ஒலிச்சித்திரம்’ என்ற பெயரில் படங்களின் ஒலியை மட்டும் எடுத்து ஒலிபரப்பியது. கண்ணின் துணையின்றிச் செவியாலேயே படம் ‘பார்க்க’ முடிந்ததென்றால், அப்படங்களில் சொல்லே தலைமை ஏற்றிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஒலித்தடம் ஒன்றே, அதில் வசனம் நிகழும்போது இசை பெரும்பாலும் ஒதுங்கி நின்றது.

மற்றப் பாதி எழுத்திலக்கணத்தைச் சார்ந்தது. கடை, சடை, தடை, படை என்னும் நான்கையும் தமிழாசிரியர் வகுப்பில் சொல்லிப் பார்க்கலாம். முதலெழுத்தின் மெய்யொன்றே வேறு. அம்மெய் செவியிற் படாதாயின் நான்கும் ‘அடை’ ஆகிவிடும். (பசித்தவனுக்கு அதுவும் நன்றே.) வல்லினத்தின் பிறப்பிடம் மார்பு என்பது நன்னூலார் கொள்கை. ஆயின் செவி அதனை அடையாளம் காண்பது பெரிதும் உயர்ந்த அதிர்வுகளால். அமெரிக்கத் தொலைபேசி ஆய்வாளர் ஹார்வி பிளெட்சர் 1929-இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முன்னோடி. அவர் வழி வந்த ஆய்வுகள் தெளிவாக்கியது இது: பேச்சின் ஆற்றலிற் பெரும்பகுதி வினாடிக்கு 1000 அதிர்வுக்குக் கீழே உள்ளது; பேச்சின் விளக்கத்திற் பெரும்பகுதியோ அதற்கு மேலே உள்ளது. உயிர் முழங்குகிறது, பொருளைப் பிரித்துக் காட்டுவது மெய். முதுமையில் முதலில் மங்குவதும் இவ்வுயர்ந்த அதிர்வுகளைக் கேட்கும் திறனே. ஆகவே, ஒலியளவைக் கூட்டுவதால் முழக்கம் பெருகுமேயன்றி, ‘கடை’யும் ‘தடை’யும் அவ்வளவு எளிதிற் பிரிந்துவிடமாட்டா.

மாற்றம் படிப்படியாக நேர்ந்தது. எழுபதுகளில் படப்பிடிப்பு ஸ்டூடியோவை விட்டு வயலுக்கும் தெருவுக்கும் சென்றது. இரைச்சலிடும் கையடக்கக் காமிராவின் அருகே குரலைப் பதிக்க இயலாமையால், நடிகர் பின்னர் அறையில் அமர்ந்து ‘டப்பிங்’ பேசுவது வழக்கமாயிற்று. நடிப்பும் இயல்புப் பேச்சை நாடியது, மேடைக்குரல் முணுமுணுப்பாயிற்று. அதனைக் குறை என்பதற்கில்லை, கலை அவ்வாறு வளர்ந்தது. 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியுடன் வந்தபின் ஒரு தடம் பல தடமாயிற்று. பின்னர்ப் பரவிய ஆறு தட முறையில் வலம், இடம், நடு, பின்னிரு புறங்கள், அடித்தொனி எனத் தனித்தனி வழிகள் உண்டு. வசனத்துக்கு உரியது நடுத்தடம். திரையரங்கில் அதன் ஒலிபெருக்கி துளையிட்ட திரைக்குப் பின்னே, நடுவில் நிற்கும். சொல் நடிகன் வாயிலிருந்தே வருவதுபோல் தோன்றும்.

வீட்டிலோ இரண்டே ஒலிபெருக்கி. நடுத்தடத்தை இரண்டாகப் பிரித்து, இசையும் வெடியோசையும் ஏறிய அதே வழிகளில் ஏற்றுகின்றனர். தட்டையான பெட்டியில் முகப்பில் இடமின்மையால், அவ்வொலிபெருக்கிகளும் கீழ்நோக்கியோ பின்சுவரை நோக்கியோ பேசுகின்றன. ஜொகூரின் வரிசை வீடுகளில் ஓடு பதித்த தரை, வெறுஞ்சுவர், ஓயாத காற்றாடி; எதிரொலிக்கு இதனினும் ஏற்ற இடம் அரிது. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் சொல்லவே வேண்டாம்.

இத்துணை நோயறிந்தபின் மருந்து அரிதன்று. பெட்டியின் ஒலி அமைப்பில் ஆறு தட வெளியீடு இருந்தால், இரண்டு தடத்துக்கு மாற்றுவது முதல் வேலை. ‘இரவு’ என்றோ ‘தெளிகுரல்’ என்ற பொருளிலோ ஓர் அமைப்பு இருக்கும். முன்னது வெடியைத் தணித்து முணுமுணுப்பை உயர்த்தும், பின்னது 2000 முதல் 4000 அதிர்வு வரையுள்ள பகுதியைத் தூக்கும். அடித்தொனியைக் குறைப்பது அதனினும் எளிது. முழக்கம் விலகினால் மெய் தலைகாட்டும். செலவிட இயன்றவர் நடுத்தடம் உள்ள சவுண்ட்பார் ஒன்றைத் திரையின் கீழே, கேட்போரை நோக்கி வைத்து, நடுத்தடத்தை மட்டும் சிறிது உயர்த்தலாம். திரைச்சீலையும் பாயும் விரிப்பும் செய்யும் உதவியைக் கடைக்காரர் சொல்வதில்லை. 2023-இல் அமேசான் தன் படச்சேவையில் வசனத்தைப் பிற ஓசையினின்று பிரித்து உயர்த்தும் முறையைக் கொணர்ந்தது. தொடக்கத்தில் அது சில ஆங்கிலப் படைப்புகளுக்கே கிட்டியது.

ஜொகூர்த் தமிழருக்கு இதில் மற்றொரு கவலையும் உண்டு. மலேசியத் தொலைக்காட்சியில் தமிழ்ப்படத்தின் அடியில் மலாய் எழுத்துகள் ஓடும். காது மங்கிய பாட்டனார் வசனம் பிடிபடாதபோது கண்ணைக் கீழே இறக்கி, தம் மொழியில் பேசியதை மலாய் வழியே அறிந்துகொள்கிறார். அருகே அமர்ந்த பேரனும் அதனையே படிக்கிறான். அவனுக்குக் காது நன்கு கேட்கும். படித்துத் தெரிந்துகொண்டமையால் அவன் கேட்க முயல்வதில்லை.

பழம்படங்களுக்கு ஓர் எச்சரிக்கை போதும். ‘திருவிளையாடல்’ போன்ற ஒருதடப் படத்தைப் பார்க்கையில், ஓசையைச் சுற்றுப்புறமெங்கும் பரப்பும் ‘சரவுண்ட்’ அமைப்பை நிறுத்திவிட வேண்டும். அது இல்லாத தடங்களைக் கற்பித்து, முன்னே நிற்கும் தருமியின் குரலை அறையெங்கும் சிதறடிக்கும்.