முதுமைக்குப் படியளந்தவர் யார்?



தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பாடம் நடத்துவதோடு இன்னொரு வேலையும் உண்டு. அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் அதை வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவர், ஒரு நாள் ஊழியர் சேமநிதிக் கடிதத்தோடு வந்தார். தொகையைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாத்தியாரையா, இந்தக் காசு எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டார்.

எவ்வளவு இருக்கிறது என்று கேட்டவர்கள் பலர். எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டவர் அவர் ஒருவரே. உழைத்து ஓய்ந்த காலத்தில் நம் மக்களுக்குச் சோறு போட்டது யார் என்பதை வரலாற்றில் பார்த்துவிட்டு, அந்தக் கேள்விக்கு விடை தேடுவோம்.

தொடக்க காலத்தில் கங்காணிகள் ஆள் கட்டி வந்தபோது, வாலிபர்களையே பெரும்பாலும் அழைத்து வந்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பலர், 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், கரையேறினார்கள். அவர்களுடைய உழைப்பு இங்கே பயன்பட்டது. முதுமையின் செலவோ தமிழ்நாட்டுக் கிராமத்தின் தலையில் விழுந்தது. கை ஓய்ந்தவனைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவதே அன்றைய ஏற்பாடு. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் பிற நகரங்களிலும் வாழ்ந்த நிரந்தர அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு ஓய்வூதியம் இருந்தது. தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவனுக்கு அது இல்லை.

1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்பட்டது. தொழிலாளரின் கணக்குப்படி முதலாளிகள் அதற்குப் பணம் கட்டினார்கள். ஆட்களைக் கொண்டுவரும் கப்பல் செலவுக்கே அது முதலில் பயன்பட்டது. பிறகு நோயாளிகளையும் வயதானவர்களையும் ஊருக்குத் திருப்பி அனுப்பவும், ஆதரவற்றோர் இல்லங்களுக்கும் அதிலிருந்து செலவிட்டார்கள். பிற்காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் பெற்ற அது, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கலைக்கப்பட்டது.

1930-இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தது. மூன்றே ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல் உடலுழைப்புத் தொழிலாளரை உதவிப் பயணத்தில் அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. பிறகு ஜப்பானியர் காலம். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. 'கடைசிக் காலத்தில் மகன் பார்த்துக்கொள்வான்' என்றிருந்த குடும்பங்கள் அந்த மகனையே இழந்தன. ஊரோடு இருந்த தொடர்பும் அறுந்துகொண்டே வந்தது. பிறந்து வளர்ந்த இடமே சொந்த ஊராயிற்று. ஆனால் முதுமைக்கென்று இங்கே ஏதும் இல்லை.

இந்த நிலையில்தான் 1951-இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 5, முதலாளி 5 என்று பிடித்தம் தொடங்கியது. இன்று தொழிலாளி 11 விழுக்காடு கட்டுகிறார். மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டும். தொழிலாளியின் முதுமைச் செலவில் முதலாளிக்கும் பங்கு உண்டு என்று சட்டமே சொன்னது பெரிய மாற்றம். ஆனாலும் சம்பளம் குறைவாக இருந்தால் சேமிப்பும் குறைவாகத்தான் இருக்கும். தோட்டச் சம்பளத்தின் கதை நமக்குத் தெரிந்ததே.

பணத்தைப் போலவே கூரையும் ஒரு கவலை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1950-களில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி தவணையில் பங்கு சேருங்கள் என்று கேட்டார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மரம் வெட்டியவர்களின் காசே தோட்டங்களை வாங்கியது. சிறு தொகையும் ஒழுங்காகச் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதற்கு நம்மிடையே இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக நகரமாயின. சீபீல்டு தோட்டத்து நிலத்தில் 1976 முதல் சுபாங் ஜெயா எழுந்தது. தோட்டத்தில் இருந்தபோது, வயதான அம்மாக்கள் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்தார் அவர்களைப் பார்த்தார்கள். அடுக்குமாடி வீட்டில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால், படுக்கையில் கிடக்கும் தாய்க்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை. முன்பு கணக்கில் வராத அந்தப் பணிவிடை இன்று பணம் கொடுத்துப் பெற வேண்டியதாகிவிட்டது.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். சேமநிதியில் 48,000 வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 400 வெள்ளி எடுத்தால் 120 மாதம், அதாவது பத்து ஆண்டு வரும். 55 வயதில் தொடங்கினால் 65-இல் தீரும். நம் நாட்டில் சராசரி ஆயுளோ 75-ஐ ஒட்டியிருக்கிறது. பராமரிப்பு இல்லத்துக்கு மாதம் 2,000 வெள்ளி கட்ட நேர்ந்தால் அதே பணம் 24 மாதத்தில் கரைந்துவிடும். மகள் கல்யாணத்துக்கும் மகனின் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரே நாளில் எடுத்துக் கொடுத்தால், எண்ணுவதற்கு மாதமே இராது. கோவிட் காலத்தில் 2020 முதல் 2022 வரை, நாடு முழுவதும் சேமநிதியிலிருந்து 145 பில்லியன் வெள்ளி எடுக்கப்பட்டது. அன்றைய பசிக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் எடுத்ததை மீண்டும் நிரப்ப வேண்டிய கடமை நமக்கு உண்டு.

என்ன செய்யலாம்? 55 வயதானதும் முழுத்தொகையையும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மீதியை விட்டுவைத்தால் லாப ஈவு சேர்ந்துகொண்டே இருக்கும். மாதாமாதம் வேண்டியதை மட்டும் எடுக்கலாம். தோட்டத்தை விட்டுச் சிறு வியாபாரம் செய்வோரும் 60 வயதுக்குள் ஐ-சாரான் திட்டத்தில் சேரலாம். 2025 முதல், கட்டும் தொகைக்கு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை அரசாங்கம் சேர்த்துத் தருகிறது. மாதம் 50 வெள்ளி கட்டினால் ஆண்டில் 600. அதற்கு அரசாங்கத்தின் பங்கு 120 வெள்ளி. வாரிசு பெயரைப் பதிந்து வைப்பதையும் மறக்க வேண்டாம். வருமானமும் ஆதரவும் இல்லாத 60 வயதைக் கடந்தவர்கள், சமூக நல இலாகாவில் முதியோர் உதவிக்கு மனுச் செய்யலாம். அது பிச்சை அன்று. குடிமக்களுக்கென அரசாங்கம் வகுத்த உதவி.

அந்தப் பெரியவரோடு உட்கார்ந்து இதே கணக்கைத் தாளில் போட்டோம். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டார். யார் மருந்துச் செலவைப் பார்ப்பது, யார் வீட்டில் தங்குவது என்று அன்றே பேசிக்கொண்டார்கள். பேச்சு நடுவே சற்றுச் சூடானதும் உண்டு. ஆனால் அப்பா காதில் விழவே பேசினார்கள். அவரும் தம் விருப்பத்தைச் சொன்னார்.

நேயர்களே, நம் முன்னோரின் முதுமையை வேறு யாரோ தீர்மானித்தார்கள். கப்பல் சீட்டோடு அது முடிந்தது. இன்று அந்தக் கணக்கைப் போட நமக்கு வழி இருக்கிறது. அடுத்த சம்பள நாளன்று, வீட்டுப் பெரியவர்களை நடுவில் உட்கார வைத்து, இந்தக் காசு எத்தனை மாதம் வரும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.