அன்னம் சொன்ன சேதி

கிளிமானூரில் 1848-இல் பிறந்த இரவிவர்மா 1899-இல் தீட்டிய ‘ஹம்ஸ தமயந்தி’ ஓவியம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா ஓவியக்கூடத் தொகுப்பைச் சேர்ந்தது. செந்நிறச் சேலையுடுத்திய மங்கை கல்மேடையருகே நிற்கிறாள், மேடைமீது அன்னம். நளன் ஓவியத்தில் இல்லை. ஆயினும் புகழேந்தியின் நளவெண்பாவைப் பயின்றோர்க்கு அப்பறவை யாரைப் புகழ்கிறது என்பது சொல்லாமலே விளங்கும்.

சுயம்வர மண்டபத்தை வரைந்திருப்பின் மன்னர்தம் மணிமுடிகளே கண்ணைக் கவர்ந்திருக்கும். ஓவியரோ அதற்கு முந்தைய கணத்தைத் தேர்ந்தார். பிரெஞ்சு ஓவியர் தாவீது, உரோமாபுரியின் ஹொரேஷியர் கதையை 1784-இல் தீட்டியபோதும் போரைக் காட்டவில்லை. போருக்குப் புறப்படும் உடன்பிறந்தார் மூவர் சூளுரைப்பதையே காட்டினார். செயலினும் அதனை ஈன்ற உள்ளத்துறுதியே பெரிது என்பது, பண்டைக் கிரேக்க, உரோமானியச் செவ்வியலைப் புதுப்பித்த அவ்வோவியத்தின் நோக்கு. இரவிவர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியத்திலும் அந்நோக்கைக் காண்கிறோம்.

பின்னர்த் தேவர் நால்வர் நளனுருவில் அவையில் அமர்ந்தும் தமயந்தி மயங்கவில்லை. இமையாத கண்களையும் வாடாத மாலைகளையும் கண்டு அவர்களை விலக்கினாள். அத்தெளிவுக்கு வித்திட்ட இடம் இக்கல்மேடையே.

1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழியே இரவிவர்மாவின் படங்கள் எளியோர் இல்லங்களையும் எட்டின. புராணத்தை நம்புவோர்க்கு மட்டுமோ இவ்வோவியம்? மணமகளின் சம்மதம் கேட்டே நிக்காஹ் நடத்தும் நம் குடும்பத்தாரும், தன் துணையைத் தானே தேர்ந்த இப்பெண்ணின் முகத்தில் படித்தறிய நிறைய உண்டு.